ஒரு வயது முடிந்தாச்சு, இனி எந்தப் பால்?

என் மகளுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது ஒருநாள் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். விரல் நுனியில் சுண்ணாம்பு, உதட்டிலும் சுண்ணாம்பு. "கால்சியம் பத்தல போலம்மா, இன்னொரு பாட்டில் பால் சேத்துக் குடு" என்றார் அத்தை. கொடுத்தேன். ஏற்கெனவே நாளைக்கு நான்கு பாட்டில் குடிக்கிற பிள்ளை. பாட்டிலுக்கு 240 மில்லி வைத்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். ‘பாலாவது குடிக்கிறாளே’ என்று நாங்களும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 8.7. அந்த வயதில் பத்தரைக்குக் கீழே போகக் கூடாது. "சுவரைத் தின்னுதா?" என்று அவரே கேட்டார். நான் சொல்லவே இல்லை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகள் மண்ணையும் சுண்ணாம்பையும் தேடித் தின்னுமாம். "பாலைப் பாதியாக் குறைங்க" என்றார். எந்தப் பால் நல்லது, எந்த கம்பெனி நல்லது என்று மூன்று மாதமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கொடுக்கிறோம் என்று ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

பசும்பாலுக்கு மாறப்போகிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கடையில் கிடைக்கிற பாலை வைத்துத்தான் சொல்கிறேன். வெளிநாட்டுப் பக்கங்களைப் படித்துவிட்டு இங்கே பாக்கெட் வாங்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். அது ஏன் என்று கீழே வரும்.

முதலில் வயதைப் பாருங்கள்

பன்னிரண்டு மாதம் நிறையட்டும். அதுவரை தாய்ப்பால், அது போதவில்லை என்றால் டாக்டர் சொன்ன பவுடர் பால். பசும்பாலை முக்கியப் பாலாகக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து சுமார் அரை மில்லிகிராம்தான் இருக்கிறது. சாப்பாட்டில் இருந்து கிடைக்கிற இரும்பையும் பாலில் உள்ள கால்சியமும் கேசின் புரதமும் சரியாகச் சேரவிடாது. புரதமும் உப்புகளும் தாய்ப்பாலைவிட மிக அதிகம் என்பதால் சின்னச் சிறுநீரகத்துக்குச் சுமை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசியவும் செய்யும். தண்ணீர் கலந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. புரதத்தோடு சேர்ந்து சக்தியும் குறையும், இரும்பு கூடப்போவதில்லை.

இது பாலாகக் குடிப்பதற்குத்தான். தயிர்சாதத்தில் உள்ள தயிர், கஞ்சியில் விட்ட கொஞ்சம் பால், பருப்புசாதத்து நெய் எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவோடு வந்துவிட்டவைதான். அவற்றை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வயது ஆனதும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுத்தான் பசும்பால் தர வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளைக்கு மூன்று நான்கு தடவை நன்றாகத் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பசும்பால் ஒரு டம்ளர்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

பாக்கெட்டில் எண்ணைப் பாருங்கள்

‘இரண்டு வயது வரை முழுக்கொழுப்புப் பால்’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். மூளை வேகமாக வளர்கிற காலம், கொழுப்பு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் முழுப்பால் என்று விற்பது 3.25 சதவீதக் கொழுப்புள்ள பால். நம் ஊரில் ‘நிறைகொழுப்புப் பால்’ என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தால் அது 6 சதவீதம். இரண்டும் ஒன்றில்லை. அதைப் படித்துவிட்டு இதை வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பை வாங்குகிறீர்கள்.

ஆவினை வைத்தே பார்க்கலாம். நீல பாக்கெட் சமன்படுத்திய பால், 3 சதவீதம். ஊதா 3.5. பச்சை நிலைப்படுத்திய பால், 4.5. ஆரஞ்சு நிறைகொழுப்பு, 6. டயட் என்று வருகிற மெஜந்தா பாக்கெட் இருமுறை சமன்படுத்தியது, 1.5. தனியார் பாலில் இதே நிறங்கள் வேறு வேறு பாலைக் குறிக்கும். எங்கள் தெருக் கடையில் இரண்டு கம்பெனியின் பச்சை பாக்கெட் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், கொழுப்பு வேறு. அதனால் கடைக்காரரிடம் "ஒரு பச்சை குடுங்க" என்று கேட்பதை முதல் வாரத்திலாவது விட்டுவிட்டு, பாக்கெட்டைத் திருப்பி அடியில் பொடி எழுத்தில் இருக்கிற கொழுப்புச் சதவீதத்தைப் படியுங்கள்.

என் கணக்கு இது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 3.5 முதல் 4.5 வரை உள்ள எதுவும் நல்ல தேர்வு. தாய்ப்பாலிலும் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் நீல பாக்கெட்தான் வாங்குகிறீர்கள் என்றால் பிள்ளைக்கென்று தனி பாக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 3 சதவீதம் மேல்நாட்டு முழுப்பாலுக்கு ஒரு நூல் குறைவு, அவ்வளவே. சோற்றில் அரை ஸ்பூன் நெய் விட்டால் அந்தக் குறை தீர்ந்தது. எடை குறைவான பிள்ளைக்கு 6 சதவீதப் பாலை டாக்டரே சொல்வதுண்டு. மற்றபடி அதில் வயிறு சீக்கிரம் நிறைந்து சாப்பாடு குறைந்துபோகும். 1.5 சதவீதம் மட்டும் இரண்டு வயது வரை வேண்டவே வேண்டாம்.

சமன்படுத்திய பால் என்றால் ஏதோ சத்தை உறிஞ்சிய பால் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது நம் நாட்டிலேயே பிறந்த யோசனை. 1940களில் பம்பாயில் தாரா குரோடி என்பவர் கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் தண்ணீரும் சேர்த்து, பசும்பால் அளவுக்குக் கொழுப்பைக் கொண்டுவந்தார். அதே பால் இன்னும் நிறையப் பேருக்குக் கிடைத்தது, விலையும் இறங்கியது.

எருமைப்பால் குடித்தால் பிள்ளைக்கு மந்தபுத்தி வரும் என்று எங்கள் பாட்டி சொல்வார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கொழுப்பும் புரதமும் கூடுதல், செரிக்க நேரமாகும். ஒரு வயதுக்கு மேல் அளவோடு கொடுத்தால் தப்பில்லை. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதையே முக்கியப் பாலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாக்கெட்டில் நீல நிறத்தில் ‘+எஃப்’ என்ற குறி இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் என்று பொருள். அதே விலைக்குக் கிடைத்தால் அதை எடுங்கள்.

பால்காரர் வீட்டுக்கே கொண்டுவருகிற கறந்த பால் என்றால் ஒரே நிபந்தனை, நன்றாகக் காய்ச்சாமல் ஒரு வாய்கூடத் தரக் கூடாது. காய்ச்சாத பாலால் புருசெல்லோசிஸ், மாட்டுக் காசநோய் இரண்டும் வரலாம். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து நம்பிவிடவும் வேண்டாம். தண்ணீர் சேர்த்தால் அந்த அளவு இறங்கும், கொழுப்பை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தால் அளவு சரியான இடத்தில் நிற்கும். பழைய பால்காரர்களுக்கு இது தெரியும்.

எவ்வளவு? வீட்டு டம்ளரை அளந்து வையுங்கள்

எல்லாத் தப்பும் நடக்கிற இடம் இதுதான். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளைக்கு 400 மில்லி, மிஞ்சிப் போனால் 500. அதோடு நிறுத்துங்கள். இதில் பாயசம், கஞ்சி, சத்துமாவில் கலக்குகிற பாலும் சேர்த்திதான்.

கால்சியம் போதுமா என்ற பயம் வரும், எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். 400 மில்லியில் 480. இந்த வயதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் நாள் தேவை 500. மீதி இருபது மில்லிகிராம் ஒரு கரண்டித் தயிரிலோ, கேழ்வரகுக் கூழிலோ தானாகவே வந்துவிடும். இரும்பைப் பாருங்கள், தேவை நாளைக்கு 8 மில்லிகிராம். 400 மில்லி பாலில் இருப்பது கால் மில்லிகிராமுக்கும் கீழே. மீதி எல்லாமே தட்டில் இருந்துதான் வர வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதற்குப் பால் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பால் பாட்டில் வயிற்றை அடைத்துவிட்ட பிறகு முருங்கைக்கீரைக்கு எங்கே இடம்?

செய்ய வேண்டியது சின்ன வேலை. பழைய ஃபீடிங் பாட்டிலில் உள்ள மில்லி கோட்டை வைத்து உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரை அளந்துவிடுங்கள். எங்கள் வீட்டுக் குட்டி டம்ளர் கழுத்து வரை 150 பிடித்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, படுக்கப்போகும் முன் பாதி. மொத்தம் 375. அதற்கு மேல் அழுதால் தண்ணீர், இல்லையென்றால் சாப்பாடு. முதல் நான்கு நாள் வீட்டில் போர்க்களம்தான். அத்தை என்னிடம் பேசவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் ஒரு இட்லியை முழுசாகத் தின்றாள்.

பால் கொடுக்கிற நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் தள்ளி வையுங்கள். ஈரல், மீன், முட்டை, கீரை, பயறு கொடுக்கும் வேளைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் பால் வேண்டாம். அந்தச் சாப்பாட்டில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்திலேயே உண்டு. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். நான் கேட்கவே இல்லை, இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எப்படி மாற்றுவது

தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைக்கு மாற்றுவது என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலைப் பலகாரத்தோடு டம்ளரில் இரண்டு மடக்கு. பிடித்தால் நாளைக்கு மூன்று மடக்கு. தாய்ப்பால் இனிப்பு, பசும்பால் அவ்வளவு இனிக்காது, முகத்தைச் சுளிக்கும். உடனே சர்க்கரை டப்பாவைத் தேடாதீர்கள். இரண்டு வயது வரை சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவும் பாலுக்குத் தேவையில்லை. கருப்பட்டி நல்லதுதானே என்று கேட்பார்கள். பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான். சும்மா வெதுவெதுப்பாகக் கொடுங்கள், பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகு பழகிவிடும். பழகவே இல்லையா, தயிராகக் கொடுங்கள். பால் குடித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பவுடர் பால் குடித்த பிள்ளைக்கு ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். டின்னில் சொன்ன அளவுத் தண்ணீரில் பவுடரைக் கரைத்துப் பாலைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதில் மூன்று பங்கும் காய்ச்சி ஆறிய பசும்பால் ஒரு பங்கும் முதல் மூன்று நாள். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. பிறகு ஒரு பங்கு பவுடர் பால், மூன்று பங்கு பசும்பால். அப்புறம் முழுக்கப் பசும்பால். பவுடரை நேராகப் பசும்பாலில் போட்டுக் கரைப்பது பெரிய தப்பு. இரண்டு பாலின் புரதமும் உப்பும் ஒரே டம்ளரில் சேர்ந்துவிடும், வயிறு கல்லாகும். ஒத்துக்கொள்ளுமோ என்று ரொம்பப் பயப்படவும் வேண்டாம். கடையில் கிடைக்கிற பெரும்பாலான டின்கள் பசும்பாலில் செய்தவைதான். அதைக் குடித்து இதுவரை ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு இன்றைக்குத் திடீரென்று பாலே ஒவ்வாமை ஆவது அபூர்வம்.

பாட்டிலையும் இந்தச் சாக்கில் ஒழித்துவிடுங்கள். புதுப் பால், புது டம்ளர் என்று ஒன்றாக மாற்றினால் சுலபம். ஒன்றரை வயதுக்குள் பாட்டில் போய்விட வேண்டும். இரவில் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கினால் மேல் முன்பற்கள்தான் முதலில் கறுக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டு வயதிலேயே நான்கு பல்லும் போனது.

காய்ச்சும்போது கவனிக்க

பாக்கெட்டை வெட்டும் முன் வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள். எந்த டிரேயில் எங்கெங்கே கிடந்து வந்ததோ. பொங்கி மேலே வருவதைக் கொதிப்பு என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடுகிறோம். மேலே ஆடை மூடிக்கொள்வதால் பால் சீக்கிரமே பொங்கிவிடும். கரண்டியால் கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் சின்னத் தீயில் கொதிக்கவிடுங்கள். ஒரு தடவை போதும். ஒவ்வொரு டம்ளருக்கும் முழுப் பாத்திரத்தையும் மறுபடி மறுபடி காய்ச்சாமல், வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடுசெய்யுங்கள்.

ஆடை விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்ததும் அத்தை முதலில் ஆடையை வழித்து ஒரு கிண்ணத்தில் போடுவார், வாரக் கடைசியில் வெண்ணெய் எடுக்க. பிள்ளைக்கென்று 4.5 சதவீதப் பால் வாங்கி, கொழுப்பையெல்லாம் கிண்ணத்துக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளையின் பங்கை முதலில் கலக்கி எடுத்துவிட்டு அப்புறம் வழியுங்கள். ஆடை தொண்டையில் ஒட்டி ஓக்களிக்கிற பிள்ளை என்றால் அதே ஆடையைச் சாதத்தில் பிசைந்துவிடலாம்.

குடித்து மிச்சம் வைத்த பாலைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். வயிறு எரியத்தான் செய்யும்.

கடை அலமாரியில் கண்ணைப் பறிப்பவை

ஒரு வயதுக்கு மேலுள்ள பிள்ளைகளுக்கென்று ‘ஸ்டேஜ் 3’, ‘ஸ்டேஜ் 4’ போட்ட டின்கள் வரும். பன்னிரண்டு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளுக்கு இவை தேவையில்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. வளர்ச்சிக் குறைவு, குறைப்பிரசவம் போன்ற காரணங்களுக்காக உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அது வேறு.

பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களில் பெரும்பங்கு சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பட்டியலில் இருந்து எடுக்கும்படி இணையக் கடைகளுக்குச் சொன்னது. கடைக்கார அண்ணாச்சிகள் அலமாரியில் அவை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

ஏ2 பால், நாட்டு மாட்டுப் பால் என்று லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள். நாட்டு மாட்டைக் காப்பாற்ற வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். பிள்ளைக்கு அதில் தனி லாபம் நிரூபணம் ஆகவில்லை. பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஏ2 பாலும் ஒவ்வாது. பாதாம் பால், ஓட்ஸ் பால், தேங்காய்ப்பால் மூன்றிலும் புரதம் மிகக் குறைவு. பாலுக்குப் பதிலாக அவற்றை வைக்க முடியாது.

ஒத்துக்கொள்ளாதபோது

குடித்த சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி என்றால் அது புரத ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சிரைத்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மலத்தில் ரத்தமோ சளியோ தெரிந்தாலும் பாலை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு வந்து குணமான பிறகு ஒன்றிரண்டு வாரம் பால் குடித்தால் வயிறு உப்புவது, தண்ணீராகப் போவது சகஜம். குடல் தேறும்வரை பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. அந்த நாள்களில் தயிர், மோர்சாதம் போதும், தானாகச் சரியாகும். ‘உங்க பிள்ளைக்குப் பாலே ஆகாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாழ்நாள் முழுக்க நிறுத்திவிடாதீர்கள்.

மலச்சிக்கல் வந்தால் பாலின் பிராண்டை மாற்றுவதற்கு முன்னால் டம்ளர் எண்ணிக்கையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் 960 மில்லியில் இருந்து 375க்கு வந்த இரண்டாவது வாரமே அது நின்றுவிட்டது. ரத்தம் ஏறத்தான் மூன்று மாதம் ஆனது, சிரப்பும் ஈரலுமாக. சுவர் சுரண்டுவதை அதற்கு முன்பே விட்டுவிட்டாள்.

ஊருக்குப் போகும்போது பெட்டிப் பால் வசதி. அட்டைப் பெட்டியில் வரும் அந்தப் பாலை மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள், திறக்கும்வரை ஃபிரிட்ஜ் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். 200 மில்லி பெட்டியாக வாங்குங்கள். பெரிய பெட்டியைத் திறந்துவிட்டால் ரயிலில் அதை வைக்க இடம் கிடையாது. அதிலும் கொழுப்புச் சதவீதம் அடியில் எழுதியிருக்கும், வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்.